ஸ்லரியிலிருந்து அம்மோனியம் சல்பேட்: காரத்தைக் கொட்டும் முன் கவனிக்க வேண்டியவை

உணவுக்கழிவு எரிவாயுக் கலனிலிருந்து வரும் ஸ்லரியில் லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை அம்மோனியா நைட்ரஜன் இருப்பது சாதாரணம். அதில் காற்றை ஊதி அம்மோனியாவை வெளியேற்றி, கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட் உரம் கிடைக்கும். திறந்த தொட்டியில் நாள்கணக்கில் போட்டுவைத்தால் அந்த நைட்ரஜன் ஊதுவதற்கு முன்பே பறக்கத் தொடங்கும், மூடி வையுங்கள்.

அதிகப் பணம் வீணாவது காரத்தில்தான். 25 டிகிரியில், பிஎச் (கார அமில அளவு) 8 உள்ள ஸ்லரியில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே ஊதினால் கிளம்பக்கூடிய அம்மோனியா. பிஎச் 10-இல் அது சுமார் 85. அதனால் பிஎச்சை ஏற்ற உடனே காஸ்டிக் சோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடு) ஊற்றுகிறார்கள். கரைந்திருக்கும் பைகார்பனேட் அதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். மிஞ்சும் சோடியமோ, ஏற்கெனவே உப்பு மிகுந்த உணவுக்கழிவு நீரோடு சேர்ந்து மண்ணைக் களராக்கும். சுண்ணாம்பு போட்டால் உப்புநீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடிபோல, காற்று ஊதும் கோபுரத்துக்குள் வெள்ளைக் காரை படிந்து காற்றுவழி அடைபடும்.

முதலில் சக்கையை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கும். பிறகு 60 டிகிரிக்குச் சூடாக்கி ஊதுங்கள். கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச் தானாகவே 9-ஐ நோக்கி ஏறும். அந்தச் சூட்டில் அதுவே பெரும்பாலும் போதும். இந்த முதல் காற்றிலும் அம்மோனியா உண்டு. அதை வெளியே விடாமல் அமிலத் தொட்டி வழியாகவே செலுத்துங்கள்.

1 கிலோ நைட்ரஜனைப் பிடிக்க 3.5 கிலோ தூய கந்தக அமிலம் வேண்டும், கிடைப்பது 4.7 கிலோ அம்மோனியம் சல்பேட். ஒரே தொட்டி வைத்தால் ஒன்று அமிலம் மிஞ்சும், அல்லது அம்மோனியா தப்பும். இரண்டைத் தொடராக வையுங்கள்: முதல் தொட்டியின் பிஎச் 4-ஐத் தாண்டி ஏறட்டும், தப்பியதை 2-க்குக் கீழுள்ள இரண்டாவது பிடிக்கும். தொட்டி பாலிபுரொப்பிலீனில் இருக்கட்டும், இரும்பு அரிக்கும். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அமிலத் தொட்டியைக் குளிர வைப்பதும் தவறு. ஈரக்காற்றின் நீராவி அதில் படிந்து உரக்கரைசல் நீர்த்துவிடும். வரும் காற்றின் சூட்டிலேயே அதுவும் இருக்கட்டும்.

அமிலத்துக்குப் பதில் ஸ்ட்ரூவைட்டாக (மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிகம்) பிடிக்கலாம் என்பார்கள். அதில் நைட்ரஜன் 5.7 விழுக்காடுதான், பாஸ்பேட்டையும் மக்னீசியத்தையும் விலைக்கு வாங்கிச் சேர்க்க வேண்டிவரும்.

ஊதி முடித்த நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பொட்டாசியம் அதிலேயே தங்கியிருக்கிறது. காரம் சேர்க்காத நீர் என்றால் ஒரு பங்கைப் புதிய கழிவைக் கரைக்கவும் எடுக்கலாம். கலனுக்குள் அம்மோனியா மிகுந்து வாயு உற்பத்தி படுத்துவிடாமல் அது காக்கும்.