தாள் பரவியது, வேலை பரவவில்லை: மருத்துவமனைகளில் புது முறைகளைக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் பெயரையும் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று கேளுங்கள். தியேட்டரை விட்டு வெளியே அனுப்பும் முன் பஞ்சையும் ஊசியையும் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டில் இப்படி மொத்தம் 19 விஷயங்கள், ஒரே பக்கத்தில். டெல்லி, மணிலா, அம்மான், லண்டன், டொராண்டோ, தான்சானியாவின் இஃபாகரா உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆயின.

2009 ஜனவரியில் இந்த முடிவு வெளியானது. அதே மாதம் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்கு, இதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி உத்தரவு போனது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் தன் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. அங்கே 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. செக்லிஸ்ட்டுக்கு முன் மரணம் 0.71 சதவீதம், பின் 0.65. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு வித்தியாசம்தான். இத்தனைக்கும், ஏறக்குறைய எல்லா ஆபரேஷனிலும் பயன்படுத்துகிறோம் என்றுதான் அந்த மருத்துவமனைகள் சொல்லியிருந்தன.

முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதங்களை மட்டும் பார்த்த ஆய்வு அது, அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது என்று சிலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் எட்டு இடங்களில் அவ்வளவு பலன் தந்தது 101 இடங்களில் ஏன் தெரியவில்லை? பொது மருத்துவத்தில் புதிதாக எதையாவது பரப்ப நினைக்கும் எவரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

தாளையே மருந்தாக நினைப்பது

தவறுகளில் தலையானது இதுதான் என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் ஒரு முறை நன்றாக வேலை செய்யும்போது நம் கண்ணுக்குப் படுவது தாள், போஸ்டர், ஆப் போன்ற பொருள்கள். அவற்றை நகலெடுப்பது சுலபம். அவற்றைச் சுற்றி நடந்ததை நகலெடுப்பது கடினம். ஆபரேஷன் செக்லிஸ்ட்டில் வேலை செய்வது டிக் அடிக்கும் பேனா அல்ல. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் கையை நிறுத்துகிறார்கள். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ் என்று ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு முறை வாய் திறந்து பேசிவிட்ட நர்ஸுக்கு, பத்து நிமிடம் கழித்து "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லத் தைரியம் வருகிறது. அந்தத் தைரியம்தான் உயிரைக் காக்கிறது.

நான் பார்த்த ஓர் அரசு மருத்துவமனையில் மாலை ஆறு மணிக்கு, அன்றைய ஏழு கேஸ் ஷீட்டுகளையும் மேசையில் பரப்பி, ஒரே நர்ஸ் ஒரே மூச்சில் எல்லா செக்லிஸ்ட்டையும் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆய்வுக்கு வருபவர்கள் தாளைத்தான் கேட்கிறார்கள், அவர் தாளைத் தயார் செய்தார். கேட்கும் நாம்தான் தவறானதைக் கேட்கிறோம்.

இதே செக்லிஸ்ட் பலன் தந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களே முன்வந்து பல படிகள் கொண்ட பயிற்சியை முடித்த 14 மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 22 சதவீதம் குறைந்தது. அங்கே பயிற்சியும் பேச்சும் முதலில் வந்தன, தாள் அவற்றின் பின்னால் வந்தது.

எண் இறங்கியதும் கைதட்டுவது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2004-ல் பீட்டர் புரொனோவோஸ்ட் என்ற டாக்டரின் குழு, ஐ.சி.யூ.க்களில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகும் குழாய்) வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதைக் குறைக்க ஐந்து வேலைகளை முன்வைத்தது. கையைக் கழுவு, கையுறை, மாஸ்க், கவுன் என்று முழுப் பாதுகாப்பு உறை போடு, தோலைக் குளோர்ஹெக்ஸிடினால் சுத்தம் செய், முடிந்தவரை தொடையில் லைன் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. கூடவே, தேவையான சாமான் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் இருந்தது. ஒரு படி தவறினால் டாக்டரை நிறுத்தும் உரிமை நர்ஸுக்கு இருந்தது. தொற்று பெருமளவு குறைந்தது.

இங்கிலாந்து 2009-ல் இதைத் தன் நாட்டில் செய்யத் தொடங்கியது. 200-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்தன. ஆயிரம் லைன்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன்-நாள்) 3.7 ஆக இருந்த தொற்று 1.5-க்கு அருகே வந்தது. நல்ல செய்திதான். ஆனால் உன்னிப்பாகப் பார்த்தபோது, திட்டத்துக்குள் இன்னும் நுழையாமல் காத்திருந்த ஐ.சி.யூ.க்களிலும் தொற்று அதே போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பே நடந்துகொண்டிருந்த முயற்சிகள் எவ்வளவு, இந்தத் திட்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வார்டுகளில் உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதே இடத்துக்கு இடம் மாறியது.

ஒப்பிட ஒரு தரப்பு இல்லாமல் வெறும் "முன்-பின்" கணக்கை நம்பாதீர்கள். எண்களை யார், எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். அப்புறம், தவறுகளைப் பற்றிய புகார்ப் பதிவுகள் கூடினால் பயப்படாதீர்கள். மருந்து மாறிப்போனதை மாதம் இருபது முறை எழுதும் வார்டு, ஒன்றுமே எழுதாத வார்டைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. எழுதியவர் கையில் மெமோவும் 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீசும் கிடைக்கும் என்றால் அடுத்த மாதம் பதிவு பூஜ்யமாகிவிடும். ஆபத்து அங்கேயேதான் இருக்கும், நமக்குத் தெரியாமல்.

பட்டியலால் வராதவற்றை மறப்பது

உத்தரப் பிரதேசத்தின் 120 அரசு பிரசவ மையங்களில், 60-ல் மட்டும், 28 அம்சங்கள் கொண்ட பிரசவ செக்லிஸ்ட்டை எட்டு மாதம் பயிற்சியாளர் கூடவே இருந்து கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரம் திரட்டப்பட்டது. 2017-ல் முடிவு வந்தது. தொடங்கி இரண்டு மாதத்தில், கவனித்த நல்ல பழக்கங்களில் 73 சதவீதம் செய்யப்பட்டன. பயிற்சி இல்லாத மையங்களில் 42. ஆனால் தாய்-சேய் மரணமும் தாயின் கடும் சிக்கல்களும் சேர்ந்த கணக்கு, பயிற்சி தந்த மையங்களில் 15.1 சதவீதம், மற்றவற்றில் 15.3.

படிக்கும்போது மனம் கனக்கிறது. அந்த நர்ஸுகள் உழைத்தார்கள். ஆனால் பெருக்கெடுக்கும் ரத்தத்துக்கு மாற்று ரத்தம், நள்ளிரவில் சிசேரியன், மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தேர்ந்த கை ஆகியவற்றை ஒரு தாள் கொண்டுவந்துவிடாது. பயிற்சியாளர் போய்ச் சில மாதங்களில், 73 என்பது 62 ஆக இறங்கவும் செய்தது.

"கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவது

வின்கிரிஸ்டின் ஒரு புற்றுநோய் மருந்து. நரம்பில், அதாவது ரத்தக் குழாயில் போட்டால் மருந்து, தண்டுவடத்தில் போட்டால் அநேகமாக மரணம். அதே நோயாளிக்கு வேறொரு மருந்து தண்டுவடத்தில் போட வேண்டியிருக்கும். அப்போது இரண்டும் ஒரே மாதிரி சிரிஞ்சில் வந்தன, அந்த சிரிஞ்சுகள் எல்லா ஊசியிலும் பொருந்தின. பிரிட்டனில் இந்தத் தவறு பலமுறை நடந்தது. 2000-ல் அரசு அறிக்கை ஒன்று, தண்டுவட ஊசித் தவறுகளால் யாரும் சாகவோ முடங்கவோ கூடாது, 2001 முடிவுக்குள் பூஜ்யமாக்குவோம் என்றது. 2001 ஜனவரியில் நாட்டிங்ஹாமில் 18 வயது இளைஞர் ஒருவருக்கு அதே தவறு நேர்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

அறிவுரை இல்லாததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. மனிதரின் கவனத்தையே பெரிதும் நம்பியிருந்ததாலும் நடந்தது. 2008-ல் வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராதீர்கள், சிறிய டிரிப் பையில் கலந்து தாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். பையைத் தண்டுவட ஊசியில் மாட்டுவது யாருக்கும் தோன்றாது. பிறகு, தண்டுவட ஊசிக்கு மற்ற சிரிஞ்ச் பொருந்தவே பொருந்தாத தனி இணைப்பு வந்தது. அதற்கான உலகத் தரம் 2016-ல்தான் வெளியானது. ஒரு சிறு பிளாஸ்டிக் முனைக்கு இத்தனை ஆண்டு. உங்கள் வார்டில் இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே நிறத்தில் இருந்தால் சுற்றறிக்கை எழுதாதீர்கள், ஒன்றை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.

பழையதை எடுக்காமல் புதியதைச் சேர்ப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புது ரெஜிஸ்டர் ஒன்று வந்தால் பழைய ரெஜிஸ்டர் ஒன்று போக வேண்டும். அப்படி எதையும் எடுக்க மனமில்லை என்றால், நர்ஸ் அந்த நேரத்தை நோயாளியிடமிருந்துதான் எடுப்பார். அதேபோல், ஒரு முறை ஓர் ஆர்வமுள்ள டாக்டரை மட்டும் நம்பி நின்றால், அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்த அன்றே அது படுத்துவிடும்.

இந்த நேரக் கணக்கை முன்கூட்டியே போட்ட ஒரு முயற்சியைச் சொல்கிறேன். குறைமாதத்தில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால், தாய்க்கு மக்னீசியம் சல்ஃபேட் கொடுத்தால் குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் ஆபத்து குறையும். மிக மலிவான மருந்து, பலன் ஏற்கெனவே நிரூபணமானது, இருந்தும் இங்கிலாந்தில் பல தாய்மார்களுக்குக் கிடைக்காமல் இருந்தது. மேற்கு இங்கிலாந்தில் ஐந்து பிரசவ மருத்துவமனைகளில் முதலில் செய்து பார்த்தார்கள். குறைமாதக் குழந்தை பெற்ற தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு கையேடுகளை எழுதினார்கள். 2018-ல் நாடு முழுவதும் கொண்டுபோனபோது போஸ்டரோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு மகப்பேறு செவிலியரை இதற்கென்று பொறுப்பாக்கி, அவர் இந்த வேலையில் இருக்கும் மணி நேரங்களில் வார்டில் அவருக்குப் பதில் நிற்பவருக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.