நோட்டு நிறைந்தால் போதுமா? கற்றல் உதவியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவன் எட்டாம் வகுப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீடு. வீட்டின் முன்கட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கரும்பலகையைப் பார்த்து அவன் இரண்டு வரி எழுதுவதற்குள் ஆசிரியர் முழுப் பலகையையும் அழித்துவிடுவார். அவனுக்குக் கண் கலங்கும். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே துணையாக இருக்கும் கற்றல் உதவியாளராக அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாப் பாடத்திற்கும் நோட்டு நிறைந்தது. திருத்தும் நாளில் சிவப்பு மையில் 'நன்று' விழுந்தது. அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வந்த பிறகுதான் டீச்சர், இவன் நோட்டில் எழுத்தையே பார்க்கிறேன்" என்றார்.

காலாண்டுத் தேர்வில் அவனுடைய சமூக அறிவியல் விடைத்தாள் மூன்று பக்கம் நிறைந்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். கேள்வி எண், கேள்வி. அடுத்த எண், அடுத்த கேள்வி. வினாத்தாளை அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே பார்த்து எழுதியிருந்தான். விடை ஒன்றுகூட இல்லை. நேரம் கொடுத்தால் அவனால் பிழையில்லாமல் எழுத முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை மாதமும் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

தனியார் பள்ளிகளில் இந்த வேலையை 'ஷேடோ டீச்சர்' என்றும் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். பெயர் எதுவானாலும் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, நோட்டு நிறைய வேண்டும் என்ற அவசரத்தில் பிறப்பவை. நிறைந்த நோட்டு எல்லோருக்கும் வசதி. ஆசிரியருக்குப் பாடம் முடிந்த நிம்மதி, பெற்றோருக்கு ஆறுதல், பிள்ளைக்குத் திட்டு இல்லை, நமக்கு நல்ல பெயர். பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பது மட்டும் அதில் தெரியாது.

எழுதியே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாதி எழுதிக் கொடுங்கள். அடுத்த பருவத்தில் நான் ஆசிரியரிடம் முந்தைய நாளே பாடக்குறிப்பைக் கேட்டு வாங்கினேன். வாக்கியங்களை எழுதி, பொருள் தாங்கும் சொல் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் எட்டுச் சொற்களை அவன் எழுதினால் போதும்; ஆனால் அந்த எட்டையும் வகுப்பில் கேட்டால்தான் எழுத முடியும். கடைசியில் ஒரே ஒரு வரி, அவன் சொந்தமாக. நோட்டு முன்பைவிட அசிங்கமாக இருந்தது. அம்மாவுக்கு வருத்தம். அவரை உட்கார வைத்து, அந்த ஒற்றை வரிகளை மட்டும் தேதிவாரியாகக் காட்டினேன்.

பக்கத்திலேயே உட்கார்வதும் இதே வகைத் தவறுதான். தொடக்கப் பள்ளியில் அது பெரிதாக உறுத்தாது. பதிமூன்று, பதினான்கு வயதில் ஒரு பையனுக்கும் அவன் நண்பர்களுக்கும் இடையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் அவன் அந்த வகுப்பிலேயே இல்லாதவன் ஆகிவிடுகிறான். ஒரு நாள் முன் பெஞ்சுப் பையன் திரும்பி என்னிடம், "மிஸ், அவனிடம் ஸ்கேல் இருக்கிறதா?" என்று கேட்டான். கேட்கப்பட்டவன் ஓரடி தூரத்தில் இருக்கிறான். ஆசிரியரும் அப்படித்தான், "அவனுக்குப் புரிந்ததா?" என்று என்னைப் பார்த்தே கேட்பார். அன்று மாலையே என் நாற்காலியைக் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொண்டேன். கேள்வி வந்தால், "அவனையே கேளுங்கள்" என்பேன். வகுப்பைச் சுற்றி வந்து கை தூக்கிய எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவினேன். சில வாரங்களில் நான் யாருக்காக வந்தவள் என்பதே புதிய ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது, பேசிக்கொண்டே இருப்பது. பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறியதும் நம் வாய் முந்திக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதில் 'கொடு' 'கோடு' ஆகிவிடும். நமக்கு இது கண் இமைக்கும் நேரத்து வேலை. வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளை ஒவ்வொரு குறியாகப் பிரித்து, வரிசை மாற்றி, மறுபடி சேர்க்கிறது. நாம் மௌனம் என்று நினைக்கும் அந்த நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில் நாம் சொல்லைச் சொல்லிவிட்டால் வேலை அறுந்துபோகிறது. கேள்வியை வேறு வார்த்தைகளில் திருப்பிக் கேட்டாலோ இன்னும் மோசம். முதல் கேள்வியையே அவன் பாதிதான் முடித்திருக்கிறான், அதற்குள் இரண்டாவது. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழகிக்கொண்டேன். முதல் வாரம் பத்து என்பது ஒரு யுகம்போல இருந்தது.

பாடத்தை எளிமையாக்குகிறேன் என்று பிள்ளையைச் சிறுபிள்ளை ஆக்குவதும் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் மூன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தைக் கொடுத்தால், அவன் அதை மடியில் மறைத்து வைத்துக்கொள்வான். நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியது அதே பாடம், வேறு வழி. 'பல்லுறுப்புக்கோவை' என்ற சொல்லைக் கண்டு மிரள்பவனுக்கு அதை வெட்டிக் கொடுங்கள்: பல, உறுப்பு, கோவை. பல உறுப்புகளைக் கோத்தது. மாலை கோப்பது அவனுக்குத் தெரியும்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் மிகவும் வருந்துவது இதில்தான். கொலுசுப் பட்டறைப் பையனுக்குச் சதவீதம் வராது என்று நானே முடிவு கட்டி, அவனுடைய குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். 250 மாணவர்கள், 80 சதவீதம் தேர்ச்சி, எத்தனை பேர்? தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் அவனை அழைத்துப் போக வந்த அவனுடைய அப்பா, யாரிடமோ போனில் 'டச்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளியின் தரத்தை நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்பதுதான் டச். சும்மா ஒரு பேச்சுக்காகப் பையனிடம் கேட்டேன்: "250 கிராம் கொலுசு, 80 டச். உருக்கினால் சுத்த வெள்ளி எவ்வளவு?" பேனாவைக்கூட எடுக்கவில்லை. "200 கிராம் மிஸ்." 70 டச் என்றால்? "175." எனக்குப் பேச்சு வரவில்லை. கணக்கு அவனிடம் இருந்தது. வரி வரியாக எழுதியிருந்த கேள்விதான் அவனுக்கும் கணக்குக்கும் நடுவில் நின்றது. சேலத்தில் இப்படி எத்தனை வீடுகள்! அம்மாப்பேட்டையில் தறி, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி, சேகோ எனும் ஜவ்வரிசி. பிள்ளையின் வீட்டில் என்ன தொழில், அதில் என்ன அளக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்பதற்குள் அரையாண்டே முடிந்துவிட்டது.

நாமே மருத்துவராவது ஆபத்தான தவறு. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களைத்தான் பட்டியலிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் வரும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடும்' அதில்தான் இடம்பெற்றது. நல்ல மாற்றம். ஆனால், அந்தச் சொல் கையில் கிடைத்ததும் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கெல்லாம் அதை ஒட்டிவிடுகிறோம்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து தள்ளி இருந்த ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்த ஆண்டு அது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மலைக்கிராமத்துப் பெண். பலகையில் எழுதிப் போட்டால் எழுத மாட்டாள்; எழுதினாலும் வரி தாவிவிடும். கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதி வைத்திருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் காலையிலிருந்தே பனிமூட்டம், கரண்ட் இல்லை, வகுப்புக்குள் பலகையே யாருக்கும் தெரியவில்லை. தமிழாசிரியர் ஒரு பத்தியை வாயால் சொல்லி எழுதச் சொன்னார். நான் அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு ஒற்றெழுத்துகூட விடுபடவில்லை, 'ழ'கரம் 'ள'கரம் எல்லாம் சரியாக இருந்தன. குறை கண்ணில். பரிசோதித்தபோது கிட்டப்பார்வை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. கண்ணாடி போட்ட முதல் நாள் அவள் ஜன்னல் வழியாகச் சவுக்கு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்; பாடத்தைக் கவனிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால், கண், காது இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் தோட்டத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைக்குப் பாடம் தெரியாது. அது குறைபாடு ஆகாது. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் சேலத்தில் நிறையப் பேர். அவர்களின் தமிழ்ப் பிழைக்கு வேறு காரணம் இருக்கலாம். நாம் கண்டதைத் தேதியோடு எழுதிச் சிறப்புப் பயிற்றுநரிடம் கொடுப்பதுதான் நம் வேலை. "உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, வாசிப்புக் குறைபாடு" என்று பள்ளி வாசலில் நின்று ஒரு தாயிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று கிடைத்த பிறகு செய்யும் தவறு இன்னொன்று: பொதுத்தேர்வுச் சலுகைகளைப் பத்தாம் வகுப்பின் கடைசியில் நினைப்பது. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் காகித வேலையைச் சரியாக முடித்துவிட்டுப் பயிற்சியை மறந்துவிடுகிறோம். தேர்வறையில் எழுத வருபவர் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவர். சொன்னதை மட்டும்தான் எழுதுவார். நாளெல்லாம் நாம் பாதி வாக்கியத்தை முடித்துக் கொடுத்துப் பழக்கிய பிள்ளை, அங்கே போய், "அது... அந்த... அதுதான் சார்" என்று நிற்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். விடையை முழு வாக்கியமாகச் சொல்லவும், 'புதிய பத்தி', 'அடிக்கோடு' என்று சொல்லவும், படத்தில் எந்தப் பக்கம் எதைக் குறிக்க வேண்டும் என்று விளக்கவும், எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் பழக்குங்கள். நீங்களே எழுதாமல் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆளை உட்கார வையுங்கள். சொன்னது அரைகுறை என்றால் அரைகுறையாகவே எழுதச் சொல்லுங்கள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் கஷ்டம் மார்ச் மாதத்தில் வருவதைவிட ஆகஸ்டில் வரட்டும்.

பேச்சில் கவனம் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள், பக்கத்துச் சீட்டுத் தோழியிடம் ஒரு பிள்ளையின் கதையை முழுவதும் சொல்லிவிடலாம். பின் சீட்டில் அந்தப் பிள்ளையின் அத்தை உட்கார்ந்திருப்பார். ஏற்காடு சின்ன ஊர்.

இதற்கு நேரெதிரான தவறு, காக்கக் கூடாத ரகசியத்தைக் காப்பது. நம்மை அக்கா என்று அழைத்துப் பழகிய பிள்ளை, "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று கேட்கும். செய்யாதீர்கள். உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தால் போக்சோ சட்டம், 2012 எல்லோருக்கும் புகார் செய்யும் கடமையை விதிக்கிறது. பள்ளியின் பெயர் கெடும் என்று யார் தடுத்தாலும் அந்தக் கடமை நம்மை விட்டுப் போகாது. குழந்தைகள் உதவி எண் 1098.

ஆண்டு முடிவில் பள்ளி மாறும்போது, அடுத்து வருபவருக்கு எதுவும் எழுதி வைக்காமல் போகிறோம். அல்லது 'நல்ல பையன், அன்பாக இருந்தால் போதும்' என்று எழுதுகிறோம். அதை வைத்துக்கொண்டு வருபவர் என்ன செய்வார்? ஒரே ஒரு தாள் போதும். கொலுசுப் பட்டறைப் பையனுக்கு நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்:

பலகையைப் பார்த்து எழுத இரண்டு மடங்கு நேரம் வேண்டும். கொடுத்தால் பிழையில்லாமல் எழுதுவான். பக்கத்தில் உட்கார வேண்டாம், இரண்டு வரிசை தள்ளி இருங்கள். கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். நீளமான சொற்களை வெட்டிக் கொடுங்கள். சதவீதம் தெரியும், டச் என்று கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் கடைசி வரியையும் அவன்தான் எழுத வேண்டும், மணி அடித்தாலும் காத்திருங்கள்.