பெட்டிக்குச் சார்ஜ் போடும் முன் பிளக்கைப் பாருங்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துப் போட்டதில், பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆனது. இன்வெர்ட்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டது. அப்போது அத்தை நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், எப்படியோ சமாளித்தோம். இப்போது படுத்த படுக்கை. முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். பம்பு நின்றால் மெத்தை தொய்ந்துவிடும். அதற்காகத்தான் 1000 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கினோம், அதாவது பேட்டரியும் பிளக்கும் ஒன்றாக உள்ள, தூக்கி வைக்கக்கூடிய பெட்டி; 1000 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு கரண்ட் பிடிக்கும். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி.

வந்த முதல் வாரமே ஒரு கூத்து. ஹாலில் டிவிக்குப் பக்கத்து பிளக்கில் செருகிச் சார்ஜ் போட்டேன். கால் மணி நேரத்தில் கரண்ட் போனது. அடுத்த நொடி இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. லைட், ஃபேன், அத்தையின் பம்பு எல்லாம் நின்றன. வயரிங் செய்த தம்பி வந்து பார்த்துச் சிரித்தார். “அக்கா, அது இன்வெர்ட்டர் லைன். உங்க பெட்டி ஆயிரம் வாட் இழுக்குது. இன்வெர்ட்டர் எழுநூறுதான் தாங்கும்.”

ஆகவே முதல் வேலை, எந்த பிளக் எந்த லைன் என்று கண்டுபிடிப்பது. கரண்ட் போயிருக்கும் நேரத்தில் ஒரு நைட் லேம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகச் செருகிப் பாருங்கள். எரிந்தால் அது இன்வெர்ட்டர் லைன், பெட்டிக்கு ஆகாது. அப்படியே இன்வெர்ட்டர் தாங்கினாலும், ஒரு பேட்டரியைக் காலி செய்து இன்னொன்றை நிரப்புவதில் என்ன லாபம்? எங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் போட்ட 16 ஆம்பியர் பவர் பிளக் நேரடி இபி லைன். பெட்டி இப்போது அங்கேதான்.

அடுத்தது வேகம். பெட்டியில் சார்ஜ் வாட்டைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கும். சிலவற்றில் பொத்தான், சிலவற்றில் போன் ஆப். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் தாங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும்போது வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால், அதே வாட்டுக்கு ஐந்தரை ஆம்பியர் வேண்டும். மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். பெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இழுக்கும். உள்ளே பித்தளை தளர்ந்த பழைய பிளக் என்றால் சூடேறி உருகும். அதனால் 6 ஆம்பியரில் போட்டே ஆக வேண்டும் என்றால் 300 வாட்டுக்குக் குறைத்துவிடுவேன். நாலு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. பத்து நிமிடம் கழித்துச் சுவிட்சை அணைத்து, பிளக் தலையைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த பிளக்கை மாற்றாமல் மறுபடி போடுவதில்லை.

ஒயர் பெட்டியோடு வந்ததாக இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டர் ஒயரும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி மெலிசாக இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பிளக்கின் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த்தை, வெட்டுகிறவர்களைப் பற்றிப் பேசி என் வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

சரி, செருகும் முறை. சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஒயரின் ஒரு முனை முதலில் பெட்டியில், மறுமுனை சுவரில், பிறகு சுவிட்ச். திரையில் எத்தனை வாட் ஏறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். உள்ளே விசிறி சத்தம் போடும், பயப்பட வேண்டாம். சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு, தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வரும். மே மாதத்தில் நான் விடியற்காலையில்தான் போடுகிறேன். 40, 45 டிகிரி தாண்டினால் பெட்டி தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். காலியிலிருந்து முழுசாக ஏற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான் செலவு.

சார்ஜ் ஏறும்போதே பம்பையும் பெட்டியில் மாட்டி வைக்கலாம். கரண்ட் போனாலும் பம்பு நிற்காமல் ஓடும். பம்பும் சின்ன ஃபேனும் என்றால் ஒரு ராத்திரி தாராளமாக ஓடும். ஆனால் பெட்டியில் மாட்டியதற்கும் சேர்த்துத்தான் சுவர் பிளக் சுமக்கிறது. ஒருநாள் இவர் அதே பெட்டியில் அயர்ன் பாக்ஸைச் செருகப் போனார். பிடுங்கி வைத்தேன்.

சும்மா கிடக்கும் மாதங்களில் 60 சதவீதத்தில் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றிக்கொள்வேன், காலண்டரில் குறித்திருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் நூறுக்கு ஏற்றிவிடுவேன். அப்புறம் தை வரை இறங்க விடுவதில்லை.