பொய்யென்று நினைப்பதுதான் முதல் தவறு: ‘தனிமனிதத் தொன்மம்’ பற்றி

கன்னியாகுமரிக் கடற்கரையில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். தேவியின் கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசிதான் அப்படி மணலானதாம். சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை, நாரதர் சேவலாகக் கூவியதை நம்பி, விடிந்துவிட்டதென்று பாதி வழியில் திரும்பிவிட்டார். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று ஒருவர் விளக்கிவிட்டால் கதை பொய்யாகிவிடுமா? நின்றுபோன கல்யாணம் அதில்தானே தங்கியிருக்கிறது.

மனதின் அடியில் கிடப்பதைப் பேசவைத்துத் தேடும் உளப்பகுப்பாய்வு சொல்லும் தனிமனிதத் தொன்மத்தையும், அதாவது ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிக் கட்டிவைத்திருக்கும் கதையையும், இப்படித்தான் பொய்க்கணக்கில் எழுதிவிடுகிறோம். அதைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் ஏர்ன்ஸ்ட் கிரிஸ் எழுதியது 1956-இல். சில நோயாளிகள் தங்கள் வாழ்க்கைக் கதையை இழை பிசகாமல் சொல்வதையும், அதை விட்டுக்கொடுக்க மறுப்பதையும் அவர் கவனித்தார். சொல்வதில் பெரும்பகுதி நடந்ததுதான். ஆனால் அந்தக் கோர்வையே ஒரு திரை. விட்டுப்போனதும் மாறிப்போனதும் அதன் பின்னால் கிடக்கும். ‘சில’ என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒன்று உண்டு என்று அவர் சொல்லவில்லை.

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானையும் சுவிட்சர்லாந்து உளவியலாளர் யுங்கையும் இதோடு சேர்த்துக் குழப்புவது இரண்டாவது தவறு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு, ‘எலி மனிதன்’ என்று பெயரிட்டு ஒரு நோயாளியைப் பற்றி 1909-இல் எழுதியதை, 1953-இல் லக்கான் மறுபடி வாசித்தார். பட்டாளத்தில் அந்த நோயாளியின் அப்பா சூதாடிப் பட்ட கடன் அடையவே இல்லை. மகனோ தபாலில் வந்த மூக்குக்கண்ணாடியின் பணத்தைக் கட்டுவதில் கிடந்து தவிக்கிறான். இங்கே கதை, பிள்ளை பிறப்பதற்கு முன்பே வீட்டில் இருக்கிறது. யுங்குக்கோ அது தேடிக் கண்டடைய வேண்டிய ஒன்று. ‘உன் தொன்மத்தைக் கண்டுபிடி’ என்று பயிலரங்கு நடத்துகிறவர்கள் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

மூன்றாவது தவறு நான் செய்தது. குலசேகரத்தில் என் சித்தப்பா, “பதினாலு வயசுல வீட்ட விட்டு எறங்கினேன் மக்கா, பின்ன திரும்பிப் பாக்கல்ல” என்பார். ரப்பர் பால் வெட்டப் போன கதை. எப்போதும் அதே சொல், அதே இடத்தில் ஒரு இருமல். ஒருநாள் அத்தை சொன்னாள்: “எடையில வந்து ரெண்டு வருசம் அம்மைக்க கூடயில்லாலே கெடந்த?” அவர் கேட்காததுபோல மறுபடி பதினாலு வயதிலிருந்து ஆரம்பித்தார். நான் பள்ளிச் சர்ட்டிபிக்கேட்டை எடுத்து வருஷத்தைக் கூட்டிக் காட்டினேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. சித்தப்பா ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை. அந்த ரெண்டு வருஷம் அவருடைய அம்மா படுக்கையில் கிடந்ததை அத்தைதான் பிறகு சொன்னாள்.