ஓடும் படகில் தாமான் கப்பியை நகர்த்துவது

என் 9 மீட்டர் படகில், முன்பாயின் தாமானை, அதாவது பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, வழிநடத்தும் கப்பி தளத்தின் ஓரத்தில் 1 மீட்டர் டிராக்கின்மேல் (கப்பி நகரும் தண்டவாளம்) ஊசியால் பூட்டப்பட்டிருந்தது. காற்றுக்கேற்ப அதை இடம் மாற்ற, படகு சாய்ந்த பக்கத்துக்கு இறங்கி ஊசியைத் தூக்கியாக வேண்டும். மெல்பர்னின் போர்ட் பிலிப் விரிகுடாவில் காற்று வலுத்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அப்படியொரு பிற்பகலில் ஊசியை இழுத்தேன். கப்பி பின்னோக்கிப் பாய்ந்து என் விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. அந்த வாரமே, கப்பியை எட்ட இருந்தே நகர்த்த ஓர் இழுகயிறு அமைத்தேன்.

அது ஏன் பின்னோக்கிப் பாய்கிறது? பாயிலிருந்து வரும் கயிறு கப்பியை முன்னும் மேலுமாக இழுக்கிறது; வின்சுக்கு (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளை) போகும் கயிறு நேராகப் பின்னே இழுக்கிறது. பாய்ப்பக்கக் கயிறு 45 பாகைச் சாய்வில் இருந்தால், இழுவிசையில் சுமார் 30 விழுக்காடு பின்னோக்கி மிஞ்சும். கயிற்றில் 100 கிலோ இருந்தால் கப்பியைத் தடுக்க 30 கிலோ வேண்டும். ஆகவே முன்னால் இழுக்க ஒரு கயிறு போதும்; பின்னே போக, அதைத் தளர்த்தினாலே போதும்.

இழுகயிற்றுக்கு, எளிதில் நீளாத டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு, 6 மில்லிமீட்டர் தடிமனில், பக்கத்துக்கு 6 மீட்டர் வாங்கினேன். ஒரு நுனியை டிராக்கின் முன்முனையில் கட்டுங்கள். அங்கிருந்து, நகரும் கப்பியின் முகப்பில் மாட்டிய சிறு கப்பிக்குக் கொண்டுபோய், திரும்ப முன்முனைக் கப்பியைச் சுற்றி, சுக்கான் பிடிப்பவர் கைக்கெட்டும் கயிற்றுப் பூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இரட்டை மடிப்பு 30 கிலோவை 15 ஆக்கும், உராய்வு தனி. பழைய வழுக்குக் கப்பியில் உராய்வு கணிசமானது. வசதியிருந்தால், குண்டுகள்மேல் உருளும் கப்பியை அதற்குரிய டிராக்குடன் சேர்த்தே வாங்குங்கள்.

முன்முனைக் கப்பியைத் திருகாணியால் தளத்தில் பொருத்தாதீர்கள். தளத்தைத் துளைத்து, அடியில் தகடு வைத்து, போல்ட்டால் இறுக்குங்கள். துளையின் உள்மரத்தை எப்பாக்சியால் அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி அது ஊறி மட்கிவிடும். பழைய ஊசித் தடுப்பு ஒன்றைக் கப்பிக்குப் பின்னால், நீங்கள் பயன்படுத்தும் கடைசி இடத்துக்கும் அப்பால், நிறுத்தி வையுங்கள். இழுகயிறு அறுந்தாலும் கப்பி அங்கே நிற்கும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தூத்துக்குடிக் கரையில் வளர்ந்த எனக்குத் தாமான் என்ற சொல்லே கைக்கு நெருக்கம். ஆனால் கப்பியை எங்கே நிறுத்துவது என்பதைப் பாயில் ஒட்டிய கம்பளி இழைகள்தான் சொல்லும். முன்விளிம்பையொட்டி மூன்று உயரங்களில் ஒட்டுங்கள். படகை மெல்லக் காற்றை நோக்கித் திருப்புங்கள். மேல் இழை முதலில் படபடத்தால் கப்பியை முன்னே நகர்த்துங்கள். கீழ் இழை என்றால் பின்னே. காற்று மிகும்போது சற்றுப் பின்னே விட்டால் பாயின் மேற்பகுதி திறந்து காற்றைக் கழித்துவிடும், சாய்வு குறையும். பாயைச் சுருட்டினால் கதை வேறு: பாயின் மூலை முன்னும் மேலுமாகப் போவதால் கப்பியும் முன்னே போக வேண்டும்.

டிராக்கின் அருகே எண்கள் எழுதியிருக்கிறேன். முழுப் பாய்க்கு 7. மூன்று சுற்றுச் சுருட்டினால் 4. திசை மாற்றுமுன், தளர்ந்து கிடக்கும் பக்கத்துக் கப்பியை அந்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அப்போது அதன்மேல் பாரமே இருக்காது.