முளைகட்டும் பயறு அழுகுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையும் மாலையும் தவறாமல் கழுவியும் மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்தால் வழுவழுப்பு, புளித்த வாடை. பயறு சரியில்லை என்று பழியை அதன்மேல் போட்டுவிடுவோம். பெரும்பாலும் கோளாறு வடிப்பதில்தான் இருக்கும்.

கழுவிய பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீராவது தேங்கும். அதில் மூழ்கிய பயறு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அழுகல் அங்கிருந்துதான் மேலே ஏறும். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் வலைத்துணி கட்டி, கழுவியதும் ஒரு கிண்ணத்தின் மேல் சுமார் 45 டிகிரி சாய்வில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்கும்போது பாட்டிலை ஒரு முறை உருட்டிவிட்டால் பயறு பக்கங்களில் பரவிக்கொள்ளும். எல்லாம் வாய்ப்பக்கம் குவிந்து அடைத்துக்கொண்டால் தண்ணீரும் வெளியேறாது, காற்றும் உள்ளே போகாது. அரை மணி நேரம் கழித்து உதறிப் பாருங்கள். சொட்டு விழுந்தால் இன்னும் வடியவில்லை. துணியில் கட்டி வைப்பவர்கள் துணியை நன்றாகப் பிழிந்து, தளர்வாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தத் துணியைக் கொதிநீரில் அலசிக் காயவைப்பதும் அவசியம்.

அடுத்தது பேராசை. 1 லிட்டர் பாட்டிலுக்கு 50 கிராம் பச்சைப்பயறு போதும். ஊறியதுமே இரு மடங்காகிவிடும், முளைவிட்டால் இன்னும் பெருகும். முளைக்கும் விதை சூட்டையும் வெளியிடும். நெருக்கியடித்த பயற்றின் நடுவில் விரலை விட்டால் அந்த வெதுவெதுப்பு தெரியும். கிருமிக்கு வேண்டியதும் அதுதான். வெயில் காலத்தில் இரண்டு முறைக்குப் பதில் மூன்று, நான்கு முறை குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

ஊறவைப்பதிலும் அளவு உண்டு. பச்சைப்பயறுக்கு 8 மணி நேரம், கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம் வரை. ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டால் முளைப்பதற்குப் பதில் நுரைத்துப் புளித்துவிடும். ஊறியபின் கல்லாகவே நிற்பவற்றைப் பொறுக்கி எறியுங்கள். அவை முளைக்காது, பல்லைத்தான் பதம் பார்க்கும்.

உடைத்த பருப்பு முளைக்காது என்பது தெரிந்ததே. தோட்டத்தில் விதைப்பதற்கென்று விற்கும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். சாயம் ஏறிய விதை என்றால் தொடவே வேண்டாம். ராஜ்மாவின் நச்சு முளைகட்டுவதால் போய்விடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதித்தபின்தான் சாப்பிட வேண்டும். சோளத்தின் இளமுளையில் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது, அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. ஆளி, சியா போன்ற விதைகள் நனைந்ததும் கூழாகிவிடுவதால் பாட்டில் முறைக்கு ஒத்துவராது.

நல்ல முளையைப் பூஞ்சை என்று நினைத்துக் கொட்டுவதும் நடக்கிறது. முள்ளங்கி, கடுகு முளைகளில் வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல நிற்பது வேர்த்தூவி. தண்ணீர் பட்டதும் வேரோடு படிந்து மறைந்துவிடும். பூஞ்சை அப்படி மறையாது. ஒரு விதையிலிருந்து அடுத்ததற்குச் சிலந்திவலை போல ஓடும், முடைநாற்றமும் இருக்கும்.

வாடையே இல்லாத முளையிலும் ஆபத்து இருக்கலாம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலி கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சால்மோனெல்லா, ஈ.கோலி போன்றவை விதைத்தோலின் வெடிப்புகளில் ஒளிந்து வந்து, ஈரத்திலும் சூட்டிலும் பெருகும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வேகவைத்தே சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கும் அதுதான் நல்லது.

கடைசியாகக் கழுவிய ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். துணியில் பரப்பி மேல்ஈரம் போனதும், அடியில் காகிதத்துண்டு விரித்த டப்பாவில் போட்டு 4 டிகிரியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இடையில் தொட்டால் வழுக்கினால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள்.