வன்னி வளவில் செவ்வரத்தை வளர்ப்பது

செவ்வரத்தையை, அதாவது செம்பருத்தியை, எப்போது நடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஐப்பசியில் முதல் மழை மண்ணை ஊற நனைத்த கையோடு நடுங்கள். எங்கள் பக்கம் வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். அதற்குள் வேர் ஆழம் பிடித்தால்தான், வைகாசியில் தென்மேற்கிலிருந்து கிளம்பும் சோளகக் காற்றையும் ஆவணி வரை காயும் வெயிலையும் செடி தாங்கும். சித்திரையில் ஆசைப்பட்டு நட்டுவிட்டு, நாளாந்தம் வாளி தூக்கிக் களைத்துப்போனவர்களை வட்டக்கச்சியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேர் ஊன்றிய செவ்வரத்தையை அசைப்பது கஷ்டம். 2010இல் நாங்கள் மீளக் குடியேற வந்தபோது வளவு முழுக்கப் பற்றை. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் அம்மம்மா வைத்த ஒற்றைச் சிவப்புச் செவ்வரத்தை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்து நின்றது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்க முடியாது. இன்று எங்கள் ஒழுங்கையில் நிற்கும் செவ்வரத்தைகளில் அநேகம் அதில் வெட்டிய தடிகள்தான்.

தடி தெரிவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இளம்பச்சைக் குருத்து வாடிவிடும். முற்றிச் சாம்பல் பூத்த கொப்பு வேர்விட நாளெடுக்கும். பச்சை மாறிக் கபில நிறம் தொடங்குகிற, பென்சில் பருமனான பகுதிதான் நல்லது. ஒரு சாண் நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் சரிவாக ஒரே வெட்டாக வெட்டுங்கள். மொட்டைக் கத்தி தோலை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். நுனியில் இரண்டு இலையை விட்டு மிச்சத்தைக் கிள்ளி, அந்த இரண்டையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். மொட்டு இருந்தால் அதையும் கிள்ள வேண்டும். பொலித்தீன் பையில் இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். எரு இப்போது வேண்டாம். ஆவணிக் கடைசியில் கிணற்றடி வாழை நிழலில் வைத்தால் ஐப்பசிக்கு நட ஆயத்தமாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கிழமையில் துளிர் வரும். அதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். தடிக்குள் இருக்கும் சத்திலேயே அது துளிர்க்கும், கீழே வேர் இருக்காது. பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிற வரைக்கும் பொறுங்கள்.

அரை நாளாவது நேர் வெயில் விழும் இடம் பாருங்கள். மா நிழலில் வைத்தால் இலை தழைக்கும், பூ வராது. வேலியோரம் வைப்பதானால், வேலிக்கு ஊன்றித் துளிர்த்து நிற்கும் கிளிசரியாக் கதியாலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி வையுங்கள். கதியால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கட்டாக்காலி மாடும் வெளியில் நின்றே தலையை நீட்டி மேய்ந்துவிடும். குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். கோடையில் ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்த மட்டைதான். குளத்துக்குக் கீழே வயற்பக்கக் களிமண்ணில் இருப்பவர்கள் குழியை விட்டுவிட்டு, ஒரு முழம் மேடு கட்டி அதில் நடுவது நல்லது. மாரியில் வேர் தண்ணீருக்குள் நின்றால் செடி தப்பாது.

மழை விட்டதும் அடியைச் சுற்றிப் பாத்தி கட்டிக் காவோலை, சருகு போட்டு மூடுங்கள். தண்டில் முட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் தண்டில் ஏறும். முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு வாளி. தினமும் ஒரு செம்பு தெளிப்பது வேரை மேலேயே தங்க வைத்துவிடும். அப்புறம் ஒரு நாள் சோளகம் வீசினாலே இலை தொங்கும்.

எங்கள் கிணறுகளில் பலது கல்சியத் தண்ணீர். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதையே ஊற்றிவர, புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. யூரியா போட்டுத் தீராது. இலைக்குப்பைப் பசளையை நிறையப் போட்டு, கூரைப் பீலியில் வரும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அடுப்புச் சாம்பலையும் நிறுத்துங்கள், அது இந்தக் குறையை இன்னும் கூட்டும்.

செவ்வரத்தை புதுக் கொப்பில்தான் பூக்கும். அதனால் தைக் கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேலே வெட்டினால் செடி விரிந்து வரும். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் நேரம் கூடை கூடையாகப் பூ எடுக்கலாம். பங்குனிக்குப் பிறகு பெரிதாக வெட்ட வேண்டாம்.

பூச்சியில் பெரிய தொல்லை வெண்மூட்டுப்பூச்சி. பக்கத்தில் பப்பாசி நின்றால் அதையும் பாருங்கள், பப்பாசிக்கு வரும் இனம் செவ்வரத்தையிலும் இருக்கும். நுனிக் குருத்து சுருண்டு, மாப் பூசினமாதிரி வெள்ளையாகி, எறும்பு ஏறி இறங்கினால் அதுதான். அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். கண்ட இடத்தில் எறிந்தால் அங்கிருந்து மற்றதுக்குப் பரவும். மிச்சத்துக்குத் தண்ணீரை வேகமாக அடித்து, பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும் கரைத்துப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய விசிறுங்கள். கிழமைக்கு ஒரு தரமாக மூன்று தரம். எறும்புப் புற்றையும் தேடிக் கலைக்க வேண்டும். அது பூச்சியைக் காவல் காக்கும் வரைக்கும் மருந்து முழுதாகப் பிடிக்காது.